கையும் பேச்சும் ஒன்றாகப் போவது ஏன்? மூளையில் அசைவுக்கும் மொழிக்கும் உள்ள உறவு – விவாத இழை

பவானிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர். ஆடி மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை முழுவதும், வலக்கால் ஓரளவும் செயலிழந்தன. பேச்சும் உடன் போய்விட்டது. இப்போது கால் தேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை தொங்கியபடியே இருக்கிறது. பேச்சில் "ஆமா", "இல்லீங்", "அது வந்து" என்ற சில சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்குகிறது. தறியில் குறுக்கு நூலான ஊடையை ஓட்டும் நாடாவை எடுத்துக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால், இடக்கையில் வாங்கி, நெடுக்கு நூலான பாவுக்கு நடுவே ஓட்டுவது போலப் பிசகில்லாமல் செய்து காட்டுகிறார். பெயர் மட்டும் வாயில் வருவதில்லை.

பார்க்க வரும் ஒறம்பரையெல்லாம், "கையை நல்லாப் பழக்கி உடுங்க, கை வந்துட்டா வாயும் வந்துரும்" என்கிறார்கள். அத்தையும் அதை நம்பிக்கொண்டு, பேச்சுப் பயிற்சிக்கென்று ஈரோடு வரை அலைய வேண்டாம், எண்ணெய் தேய்த்துக் கையை நீவிவிட்டாலே போதும் என்கிறார். கைக்கும் பேச்சுக்கும் மூளையில் அப்படி ஒரு தொடர்பு உண்டா, அல்லது இது வெறும் நம்பிக்கையா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஈரோடு இயன்முறை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். இரண்டும் சேர்ந்து போவதற்கு முதற்காரணம் இரத்த ஓட்டம். உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பாதி. அதன் நடுத்தமனியின் மேற்கிளைதான் முகத்தையும் கையையும் அசைக்கும் புறணிப் (மூளையின் மேலடுக்கு) பகுதிக்கும், அதற்குச் சற்று முன்னால் கீழாக அமைந்த, பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதிக்கும் இரத்தம் கொண்டுசெல்கிறது. காலை அசைக்கும் பகுதியோ மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான பிளவில், உட்சுவரில் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் முன்தமனியே ஆதாரம். உங்கள் மாமனாருக்குக் கால் முந்தித் தேறியதும், கையும் பேச்சும் பின்தங்கியதும் இந்த அமைப்போடு பொருந்துகின்றன. காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு மதகை அடைத்தால் அதன்கீழுள்ள மஞ்சளும் வாடும், வாழையும் வாடும்; அதனால் மஞ்சளும் வாழையும் ஒரே பயிராகிவிடாது.

இதற்கு நல்ல சான்று, இத்துறையின் முதல் நோயாளியிடமே இருக்கிறது. 1861ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா பார்த்த லெபோர்ஞ் என்பவருக்கு "டான்" என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் வராது. அவருக்குப் பேச்சு போனது முப்பது வயதில். வலக்கை தளரத் தொடங்கியதோ அதற்குப் பத்தாண்டு கழித்து, அதன் பின்னரே கால். நோய் மெல்லப் பரவியதால் இந்த வரிசை தெரியவந்தது. இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறீர் என்று புரோக்கா கேட்டபோது, அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, கூடவே ஒரு விரலையும் நீட்டினாராம்: 21 ஆண்டு. கணக்கும் கைச்சாடையும் இருந்தன, சொல் இல்லை. அவருடைய மூளை பாரிசில் பாதுகாக்கப்பட்டு, 2007இல் எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்க்கப்பட்டது. சேதம் புரோக்கா எண்ணியதைவிட ஆழமாக, முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றை வரை சென்றிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொங்கும் கையை முழங்கைக்குக் கீழே பிடித்து இழுத்து நீவாதீர்கள். தோள்மூட்டு தளர்ந்திருக்கும் நிலையில் அது மூட்டையே இறக்கிவிடும்.

சென்னிமலை வாசகன் எழுதியது:

ஈரோட்டு நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரத்தக்குழாய்க் கணக்கோடு இதை முடித்துவிட்டால் விஷயத்தின் சுவையான பாதி விட்டுப்போகும்.

1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹூகோ லீப்மன் என்ற மருத்துவர், மூளையின் இடப்பாதி சேதமடைந்தவர்களிடம் ஒரு விந்தையைக் கண்டார். வாதத்தால் விழுந்த வலக்கையை விடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் இடக்கையிலும் அவர்களில் கணிசமானவர்களால் சுத்தியல் அடிப்பதுபோல் காட்டவோ, வணக்கம் சொல்லும் சாடையைச் செய்யவோ முடியவில்லை. தசையில் பலம் இருந்தது, செய்முறை தொலைந்திருந்தது. வலப்பாதி சேதமடைந்தவர்களுக்கு இப்படி நேரவில்லை. ஆகவே, இரு கைகளின் பழகிய செய்கைகளையும் திட்டமிடுவது பெரும்பாலும் இடப்பாதிதான் என்று அவர் முடிவுகட்டினார். பெரும்பாலோருக்கு மொழி குடியிருப்பதும் அதே பாதியில். இது தற்செயலாக இருக்க முடியுமா?

அண்மைக்காலச் சோதனைகளும் இதே திசையில் செல்கின்றன. கேம்பிரிட்ஜில் ஓலாஃப் ஹவுக், ஃபிரீட்மான் புல்வர்முல்லர் முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நக்குதல், எடுத்தல், உதைத்தல் போன்ற பொருளுடைய ஆங்கில வினைச்சொற்களை வெறுமனே படித்தவர்களின் மூளையில் முறையே வாய், கை, கால் அசைவுக்குரிய பகுதிகளை ஒட்டிக் கிளர்ச்சி தெரிந்தது. அதைவிட எனக்கு வியப்பளிப்பது 2021இல் பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்டது. 30 செ.மீ. நீளமுள்ள இடுக்கியால் சிறு முளைகளைத் துளைகளில் பொருத்தப் பழகியவர்கள், எழுவாயும் செயப்படுபொருளும் மயங்கக்கூடிய சிக்கலான பிரெஞ்சு வாக்கியங்களை முன்பைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வெறுங்கையால் அதே வேலையைச் செய்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. அந்த வாக்கியங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கோ இடுக்கி வேலை எளிதாயிற்று. இரண்டிலும் பொதுவாகக் கிளர்ந்தது மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புமுடிச்சுகள். நெசவாளியின் கை அறிவையும் வாக்கிய அறிவையும் இனி வேறுவேறு அறைகளில் பூட்டிவைக்க இயலாது என்றே நினைக்கிறேன்.

ஆனைமலைச் சாரல் (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்) எழுதியது:

சென்னிமலை நண்பரே, உதைத்தல் என்ற சொல்லைப் படிக்கும்போது கால் பகுதி கிளர்கிறது என்பது ஒரு செய்தி. கால் பகுதி இல்லாவிட்டால் அந்தச் சொல் விளங்காது என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதைக் கையோடு சேர்த்து விற்பது இந்தத் துறையில் முப்பதாண்டாக நடந்துவருகிறது.

இத்தாலியின் பார்மாவில் ஜியாகோமோ ரிசோலாட்டி குழுவினர், மக்காக் குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போதும், பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் கிளரும் நரம்பணுக்களைக் கண்டு 1992இல் அறிவித்தார்கள். கண்ணாடி நரம்பணு என்று பெயர் பெற்ற அவற்றைக் கொண்டு மொழியின் பிறப்பையே விளக்கிவிடலாம் என்ற உற்சாகம் 1998 வாக்கில் பரவியது. அந்த அணுக்களை வைத்திருக்கும் குரங்கு ஏன் பேசவில்லை என்ற எளிய கேள்விக்கு இன்னும் நிறைவான பதில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கிரெகரி ஹிக்காக் 2009இல் இக்கொள்கையின் ஓட்டைகளை வரிசையாக எடுத்துவைத்தார். பிறவியிலேயே கையில்லாதவர்களிடம் வானுஸ்கார்ப்ஸ், கரமாஸா இருவரும் செய்த சோதனைகளைப் பாருங்கள். ஒருபோதும் கையால் எதையும் எடுத்தறியாத அவர்கள், பிறருடைய கைச்செயல்களை மற்றவர்களைப் போலவே இனங்கண்டார்கள்.

புரோக்கா பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை "பேச்சசைவின் மையம்" என்று பாடநூலில் நானே பல ஆண்டு நடத்தியிருக்கிறேன், பாடத்திட்டம் அப்படி. வலிப்பு அறுவைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம் செய்த பதிவுகள் 2015இல் வெளிவந்தன. சொல்லை வாய் திறந்து உச்சரிக்கும் வேளையில் அப்பகுதி அடங்கியிருக்கிறது. அதற்குச் சற்று முன்பே அதன் வேலை முடிந்துவிடுகிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர், இயக்க நரம்பணு நோயால் தெளிவாகப் பேச இயலாத ஒரு பெண்ணின் மூளையில் நுண்முனைகளைப் பதித்து, அவர் பேச முயல்வதை நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் எழுத்தாக மாற்றினார்கள். அந்தத் தகவல் கிடைத்தது அசைவை ஆயத்தப்படுத்தும் முன்னியக்கப் புறணியிலிருந்து. புரோக்கா பகுதியில் பதித்த முனைகளால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. வாயை ஓட்டும் இடம் வேறு, சொல்லைத் தேர்ந்து அடுக்கும் இடம் வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சகோதரியின் மாமனாரும் என் பக்கத்துச் சாட்சிதான். நாடா ஓட்டுவதை அவர் இடக்கையால் பிழையின்றிக் காட்டுகிறார். லீப்மன் சொன்ன கோளாறு அவருக்கு இல்லை. மொழிக் கோளாறு மட்டும் இருக்கிறது. ஒன்று போக மற்றொன்று நிற்குமானால் இரண்டும் ஒன்றல்ல.

திருப்பூர் சிறப்பாசிரியை எழுதியது:

ஐயாவின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஒன்றையும், அதைச் சற்றுத் திருத்தும் ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். காதுகேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். எங்கள் வகுப்பில் மொழியே கையசைவுதான்.

அமெரிக்கச் சைகைமொழியில் வாழ்ந்த காதுகேளாதவர்கள் சிலருக்குப் பக்கவாதம் வந்தபோது நேர்ந்ததை போய்ஸ்னர், கிளீமா, பெலூகி மூவரும் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார்கள். மூளையின் வலப்பாதி அடிபட்டவர்களுக்குப் படம் வரைவதிலும் இடத்தை அளந்தறிவதிலும் பெருந்தடுமாற்றம் இருந்தும், சைகைமொழி குலையவில்லை. இடப்பாதி அடிபட்டவர்களுக்கோ, பேசுபவர்களுக்கு வருவது போன்ற பேச்சிழப்பு கையில் வந்தது. பொருளைப் பயன்படுத்துவதுபோல் நடித்துக் காட்ட முடிந்தும், அப்பொருளுக்கான சைகைமொழிச் சொல்லைச் செய்ய முடியாதவர்களையும் பின்னர் கண்டிருக்கிறார்கள். இரண்டும் கையசைவே, பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று மொழி, மற்றொன்று நடிப்பு. ஆக, இடப்பாதி தேடிக்கொண்டது அசைவை அல்ல, மொழியை.

வகுப்பில் இதை அன்றாடம் பார்க்கலாம். அவசரமாகச் சைகை செய்யும் ஒரு சிறுமிக்குக் கையின் இடமும் அசைவும் சரியாக அமைந்து, விரல்களின் வடிவம் மட்டும் அடுத்து வரவேண்டிய சொல்லின் வடிவமாக முந்திக்கொண்டு வந்துவிடும். நாக்குப் புரண்டு ஓர் எழுத்து முந்துகிறதே, அதே பிழை. அவளும் உடனே நிறுத்தித் திருத்திக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் தொடர்வாள்.

திருத்த விரும்புவது இது. சைகைமொழி அல்லாத, பேச்சோடு சேர்ந்து வரும் கையாட்டம் வெறும் அலங்காரம் அல்ல. பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகள், பார்வையற்ற இன்னொருவரிடம் பேசும்போதும் கையை ஆட்டிப் பேசுகிறார்கள் என்று ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 1998இல் காட்டினார்கள். பார்த்துக் கற்றதும் அல்ல, பார்ப்பவருக்காகச் செய்வதும் அல்ல. பேச்சு உருவாகும்போதே கையும் கூடவே கிளம்புகிறது.

கோபி கும்மிக்காரர் எழுதியது:

ஆய்வுகள் எனக்குத் தெரியாது. வள்ளி கும்மி பழக்குகிறேன். புதிதாக வருபவர்களுக்குப் பாட்டை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வாரக்கணக்கில் அடி மறக்கும். நிற்க வைத்து, அடவோடும் கைத்தட்டோடும் சொல்லிக்கொடுத்தால் நிற்கிறது. நடுவில் ஒருவர் காலை மாற்றி வைத்துவிட்டால் வாயும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாட்டை மறந்து கால் தடுமாறுவதும் உண்டு. வாதம் வந்து பேச்சு போன ஒரு பெரியவரை எங்கள் ஊரில் ஆட்டம் பார்க்க அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். "தண்ணி" என்று கேட்கத் தெரியாதவர், பாட்டு எழுந்ததும் இடக்கையால் தொடையைத் தட்டிக்கொண்டு சொல் பிசகாமல் கூடவே பாடினார். பேச்சிழப்பு என்றால் அது எப்படி முடிகிறது? அந்தத் தட்டில் ஏதோ இருக்கிறது என்பது என் எண்ணம்.

கோவை பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கும்மி ஆசிரியரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பழகிய பாட்டு, வேண்டுதல், ஒன்று இரண்டு எண்ணுவது, வசவு ஆகியவை நாமாக அமைத்துப் பேசும் வாக்கியங்களின் வழியில் வருவதில்லை. அவை ஓட்டமாக மனத்தில் பதிந்தவை. அடித்தள நரம்புமுடிச்சுகளும் வலப்பாதியும் அவற்றில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே அந்தப் பெரியவர் பாடியதும், தண்ணீர் கேட்க முடியாமல் இருந்ததும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. இதைப் பயன்படுத்தி, சிறு தொடர்களை இசையோடு, அசைக்கு ஒன்றாக இடக்கையால் தட்டிக்கொண்டே சொல்லவைக்கும் பயிற்சியைப் பாஸ்டனில் 1973இல் உருவாக்கினார்கள். அதில் வேலைசெய்வது மெட்டா, தாளமா என்று 2011இல் ஜெர்மனியில் பிரித்துச் சோதித்தபோது, மெட்டைவிடத் தாளத்துக்கும், சொற்றொடர் ஏற்கெனவே பழகியதா என்பதற்குமே முதலிடம் கிடைத்தது. அதிலும் அடித்தள முடிச்சுகள் சேதமடைந்தவர்களுக்குத் தாளத்தின் துணை கூடுதலாகத் தேவைப்பட்டது. கும்மி ஆசிரியரின் ஊகம் நெடுந்தொலைவு சரி. ஆனால் பயிற்சியில் சொன்ன தொடர்கள் தேறுவதைப் போல, அன்றாடப் பேச்சு தானாகத் தேறிவிடுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

சென்னிமலை நண்பரும் ஆனைமலை ஐயாவும் மோதிக்கொள்ளும் இடத்தில் என் கருத்து இது: அசைவும் மொழியும் பகிர்ந்துகொள்வது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் வேலையை. அடித்தள முடிச்சுகள் அந்த வேலைக்கு உரியவை. பார்க்கின்சன் நோயாளிகள் மருந்து எடுக்காத நேரத்தில், செயல் குறிக்கும் வினைச்சொற்களைக் கையாள்வதில் பெயர்ச்சொற்களில் இல்லாத ஒரு தொய்வு தெரிந்ததையும், லெவோடோபா மருந்து உள்ளே போனதும் அது சீரானதையும் 2008இல் பிரான்சில் காட்டினார்கள். தொடர்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்பு வழியாகக் கையைப் பழக்கிப் பேச்சைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்று நம்பி, பேச்சுப் பயிற்சியைக் கைவிட ஒருவரையும் நான் அனுமதிக்க மாட்டேன். லியோன் ஆய்வில் இடுக்கி பிடித்தவர்கள் பக்கவாதம் இல்லாத நலமானவர்கள்.

சகோதரி, உங்கள் மாமனாருக்கு முதலில் பிரித்தறிய வேண்டியது மூன்று நிலைகளை. நாக்கும் உதடும் பலமிழந்திருந்தால் பேச்சு குழறும், ஆனால் சொல்லும் இலக்கணமும் சரியாக இருக்கும். வாயசைவைத் திட்டமிடுவதில் கோளாறு என்றால் தசை நன்றாக இருந்தும், வாய் தடவித் தடவித் தேடும். ஒரே சொல்லில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழை வரும். ஆனால் அவர் அச்சொல்லை எழுதிக் காட்டிவிடக்கூடும். மொழியே பாதிக்கப்பட்டிருந்தால் எழுத்திலும் அதே தடை தெரியும். இவை கலந்தும் வருவதால் நேரில் பார்த்தே சொல்ல முடியும். வீட்டில் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம்: நாடாவைக் காட்டி "நா..." என்று முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். முடித்துவிட்டார் என்றால் சொல் அழியவில்லை, எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இடக்கையால் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, அந்த அசைவு நடக்கும்போதே பெயரைக் கேட்டாலும் சிலருக்கு வருகிறது. அவருக்குப் பதிலாக வீட்டார் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான் நான் காணும் பெரிய இடையூறு.

அத்தையிடம், கைக்குப் பயிற்சி கைக்காக, பேச்சுக்குப் பயிற்சி பேச்சுக்காக என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

பவானிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றிங்க. "நா..." என்று எடுத்துக் கொடுத்தபோது மூன்றாம் தடவை "நாடா" என்று சொல்லிவிட்டார், பாவுக்கும் ஊடைக்கும் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு நேரம் கேட்டிருக்கிறோம். இன்னொரு சந்தேகம்: என் மகன் இடக்கைப் பழக்கமுள்ளவன், அப்பாருவை (அவன் தாத்தாவை, அதாவது என் மாமனாரை) போலவே என்று அத்தை சொல்கிறார். அப்படியானால் மாமாவுக்கு மொழி மூளையின் வலப்பக்கம் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கோவை பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

அப்படி இருக்க வேண்டியதில்லை. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 70 பேருக்கும் மொழி இடப்பாதியில்தான் மேலோங்கியிருக்கிறது. கையின் பக்கமும் மொழியின் பக்கமும் இப்படிப் பிரிந்தும் நிற்பதை ஆனைமலை ஐயா தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மகனைக் கை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மாமனாரைப் பொறுத்தவரை, பயிற்சியாளர் இந்தத் தகவலைக் கேட்பார். எந்தக் கையால் சாப்பிட்டார் என்பதை வைத்துச் சொல்லாதீர்கள். நம் வீடுகளில் அது எல்லோருக்கும் வலக்கைதான். தறியில் இரு கைகளும் ஓடும் என்பதால் அதுவும் உதவாது. சுத்தியல் பிடித்ததும், கல்லெறிந்ததும், அரிவாள் எடுத்ததும் எந்தக் கையால் என்று அத்தையிடம் கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள்.